இருபது மில்லிமீட்டர்

முன்வார்ப்புப் பலகை ஓசோர்னோவிலிருந்து
லாரியேறி வந்தது,
முகம் மழித்த மாப்பிள்ளை மாதிரி.
கன்னத்தில் இன்னும் அச்சு எண்ணெயின் வழவழப்பு.

தூண் இங்கேயே வார்த்தது.
வால்டிவியாவின் ஜூன் மழைக்கு நடுவே,
பைன் சட்டத்துக்குள்.
மரத்தின் கணுக்கள் அப்படியே பதிந்த தோல்.
ஈரம் கக்கிக்கொண்டிருக்கிறது,
சுருங்கிக்கொண்டிருக்கிறது,
ஒரு வருஷத்துக்கு யார் சொன்ன பேச்சும் கேட்காது.

இரண்டுக்கும் நடுவே இருபது மில்லிமீட்டர்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எண்ணெயைத் தேய்த்து எடுக்க வேண்டும்.
தூண்மேல் படிந்த பால்படலத்தையும்.
தூசி தட்டி, பிரைமர் பூசி,
நுரைக்கயிற்றை உள்ளே நெருக்கி உட்காரவைத்து
அதன்மேல்தான் சீலண்ட்.
பக்கம் இரண்டையும் பிடிக்கலாம்,
முதுகைப் பிடிக்கக் கூடாது.
முதுகும் ஒட்டினால் இழுபட இடமில்லாமல்
கிழியும்.
இதை யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
சொல்வோம்.

ஆறாவது மாடி, டயாலிசிஸ் பிரிவு.
ஒரு மணி நேரம் குழாய்த்தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள்.
உள்ளே, புதிதாகப் பூசிய சுவரில்
கையகலத்துக்கு ஈரம்.

தொங்குமேடையில் நானும் எலியேசரும்.
கத்தி வைத்துக் கீறி
மீன்குடல் மாதிரி உருவினால்
வரமாட்டேனென்கிறது.
பின்னால் கயிறில்லை.
முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

யார் போட்டது, என்றாள் பொறியாளர் ஒயார்சோ,
ஜன்னலிலிருந்து தலையை நீட்டி.

கை நின்ற இடமெல்லாம்
இடப்பக்கம் சுழியும் ஒரு சின்ன வால்.
இந்தத் தளத்தில் இடதுகைக்காரி நான் ஒருத்திதான்.
எலியேசர் சோப்புத்தண்ணீர்த் துணியால்
அந்த வாலை அவசரமாகத் துடைத்தான்.
இறுகிய ரப்பர் துடைத்தால் போகுமா?

நான்தான், என்றேன்.
அது ஒரு வெள்ளிக்கிழமை. கயிறு தீர்ந்துவிட்டது.
மூன்று மீட்டருக்காக
ஆறு மாடி இறங்கி ஏற வேண்டும்.
ஆறே காலுக்குப் பஸ்.
கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது
வந்தது நடுக்கம்.
பெரிதில்லை.
கீழே மீன்சந்தைப் படித்துறையில்
கடற்சிங்கங்கள் குரைப்பதை நிறுத்தும் அளவு.
மேடை சுவரில் ஒருமுறை இடித்தது.
எலியேசர் கம்பியைப் பிடித்தான்,
நான் எலியேசரின் பெல்ட்டை.

என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி
பக்கத்து இணைப்பு, அவன் போட்டது,
குறுகியது, விரிந்தது,
எச்சில் விழுங்கும் தொண்டையைப்போல.
பதினோரு வருஷமாக இந்த வேலை.
அசைந்து பார்த்தது இன்றுதான்.

என்னுடையதில், அறுக்காமல் விட்ட துண்டு
இன்னும் ஒரு விரல் நீளம் பிளந்தது.
சத்தம்கூட இல்லை.

கடற்சிங்கங்கள் மறுபடி குரைக்கும்வரை
யாரும் பேசவில்லை.

எத்தனை மீட்டர், என்றாள் ஒயார்சோ.
மூன்று.
வேறெங்காவது?

தண்ணீர் அடித்துப் பார்த்ததில்
மற்றதெல்லாம் தேறியிருந்தது.
எலியேசர் என்னைப் பார்க்காமல்
கத்தியை மடக்கினான், விரித்தான்.

தெற்குச் சுவரில் இரண்டு இடம், என்றேன்.

எட்டு நாள் மழை.
கொட்டகையில் மாத்தே குடித்தோம்,
ஈரமானியைத் தூணில் அழுத்தி அழுத்தி
அலுத்தோம்.
என் கூலியில் எதைப் பிடிப்பார்கள் என்று
எலியேசர் கணக்குப் போட்டுக் காட்டினான்,
நான் கேட்காமலே.

ஒன்பதாம் நாள் வெயில்.
இருபது மில்லிமீட்டர் இடைவெளிக்கு
இருபத்தைந்தில் கயிறு.
பத்து ஆழத்துக்குச் சீலண்ட்.
கரண்டியைச் சோப்புநீரில் நனைத்து
மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.

கை நின்ற இடத்தில்
வாலை இடப்பக்கம் சுழித்தே விட்டேன்.
தேடுகிறவர்களுக்குத் தெரியட்டும்.